வி.டி. முதல் காலா கில்லா வரை: பழைய கட்டடம் பார்க்கப் போகிறவர்களுக்கு

ஏப்ரல் 18 உலக பாரம்பரிய தினம். நவம்பர் 19 முதல் 25 வரை உலக பாரம்பரிய வாரம். தாராவியில் இருக்கிற ஒவ்வொரு தமிழ்க் குடும்பமும் இந்தத் தேதிகளைக் காலண்டரில் வட்டம் போட்டு வைக்க வேண்டும் என்பது என் ஆசை. பல வருடங்களாக எங்கள் தெருப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மும்பையின் பழைய கட்டடங்களைப் பார்த்து வருகிறேன். அதில் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சாதாரண நாளில் பூட்டிக் கிடக்கும் கட்டடங்களைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடும் வழக்கத்தை 1984இல் பிரான்ஸ் தொடங்கியது. 1991இல் ஐரோப்பிய நாடுகள் பல சேர்ந்து அதை ஒரு விழாவாக்கின. நம் சென்னையிலும் 2004 முதல் ஆகஸ்ட் 22ஐ ஒட்டி ‘மெட்ராஸ் டே’ நடைகள் நடக்கின்றன. மும்பையில் ஒரே நாளில் எல்லாக் கதவும் திறப்பதில்லை. ஆனால் வருடம் முழுக்க ஏதாவது ஒரு கதவு திறந்தபடி இருக்கும். எது, எப்போது என்று தெரிந்துகொள்வதுதான் முதல் வேலை.

எங்கே, எப்போது

இந்தியத் தொல்லியல் துறையின் இடங்களில் ஏப்ரல் 18 அன்று நுழைவுக் கட்டணம் வாங்குவதில்லை. எலிபெண்டா குகை, கான்ஹேரி குகை இரண்டும் அந்தத் துறையிடம் இருக்கின்றன. எலிபெண்டாவுக்குப் படகுக் கட்டணம் தனி, திங்கள்கிழமை விடுமுறை. கிளம்புவதற்கு முன் அந்த வருடத்து அறிவிப்பை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

வி.டி. ஸ்டேஷனுக்கு (விக்டோரியா டெர்மினஸ், இன்றைய சி.எஸ்.எம்.டி.) எதிரே நிற்கும் மாநகராட்சித் தலைமையகத்தில் 2021 முதல் சனி, ஞாயிறுகளில் பொதுமக்களை அழைத்துக் காட்டும் நடை உண்டு. முன்பதிவு செய்ய வேண்டும். 1893இல் முடிந்த அந்தக் கட்டடத்தையும் எதிரே இருக்கும் வி.டி.யையும் வடிவமைத்தவர் ஒருவரே: எஃப். டபிள்யூ. ஸ்டீவன்ஸ். உயர் நீதிமன்றத்திலும் இப்படி நடை உண்டு. அங்கே போனால் தூண்களின் தலைப்பகுதியை விடாதீர்கள். ஒரு கண்ணைக் கட்டிக்கொண்டு, கையில் தராசோடு ஒரு குரங்கு நீதிபதியாக உட்கார்ந்திருக்கும்! வழக்கில் தோற்ற ஒப்பந்தக்காரர் ஒருவர் கோபத்தில் செதுக்க வைத்தார் என்று ஒரு கதை சொல்வார்கள். கதை உண்மையோ இல்லையோ, பிள்ளைகள் அந்தக் குரங்கை மறப்பதில்லை.

எந்த நாளுக்கும் காத்திருக்க வேண்டாத இடம் வி.டி. அங்கே டிக்கெட் எடுக்கும் கூடத்துக்கு ‘ஸ்டார் சேம்பர்’ என்று பெயர். நீல நிறத்தில் தங்க நட்சத்திரம் பதித்த கூரையாக அதை அமைத்தார்கள். கட்டடத்தின் செதுக்கு வேலைகளில் ஜே.ஜே. கலைப்பள்ளி மாணவர்களின் கை இருக்கிறது. தினமும் லட்சக்கணக்கானவர்கள் வந்துபோகும் ஸ்டேஷனில் தலை நிமிர்ந்து பார்ப்பவர்கள் சிலர்தான். 2004இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய கட்டடம் அது. வெளி கேட் தூண்களில் ஒன்றில் சிங்கம், இன்னொன்றில் புலி: சிங்கம் பிரிட்டனுக்கு, புலி இந்தியாவுக்கு.

கிளம்பும் முன்

ஞாயிற்றுக்கிழமை என்றால் மெகா பிளாக் உண்டா என்று முதலில் பாருங்கள். சயானில் ரயில் நிற்காமல் போனால் முன்பதிவு செய்த நேரம் கைவிட்டுப் போகும். ஆதார் அட்டையைப் பெரியவர்கள் எல்லோரும் கையில் வைத்திருக்க வேண்டும். அரசுக் கட்டடங்களில் பையைத் திறந்து பார்ப்பார்கள், அதனால் சின்னப் பையும் தண்ணீர் பாட்டிலும் போதும். ஏப்ரல் வெயிலில் காலை முதல் நடைக்கே போய்விடுங்கள். ஃபோட்டோ எடுக்கலாமா என்று ஒவ்வொரு இடத்திலும் கேளுங்கள்.

வாசலில் நிற்கிற காவலரை ‘காகா’ என்று கூப்பிட்டு, ‘ஆத் ஜாவூ கா?’ என்று மராத்தியில் கேட்டுப் பாருங்கள். அந்த ஒரு வாக்கியத்துக்குக் கிடைக்கிற மரியாதையை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். எங்கே நின்றால் மாடம் நன்றாகத் தெரியும், எந்தப் படிக்கட்டு பழையது என்று காகாவே சொல்லத் தொடங்கிவிடுவார்.

ஒரு நாளைக்கு இரண்டு கட்டடத்துக்கு மேல் வேண்டாம். பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு வேலை கொடுங்கள். ஒருத்தி கல்வெட்டில் இருக்கிற வருடங்களை எழுதட்டும், ஒருத்தன் மிருகங்களை எண்ணட்டும், இன்னொருத்தர் கல்லின் நிறம் எங்கே மாறுகிறது என்று பார்க்கட்டும். மாலாட் கல்லும் குர்லா கல்லும் போர்பந்தர் கல்லும் ஃபோர்ட் பகுதியில் கலந்து நிற்கின்றன. நிறத்தைக் கவனிக்கப் பழகிய பிள்ளை, கல் எங்கிருந்து வந்தது, யார் சுமந்தார்கள் என்று தானாகவே கேட்கும். வழிகாட்டி சொல்லாமல் விட்டதை அந்தக் கேள்விதான் வெளியே கொண்டுவரும்.

நம் வாசலில் இருப்பவை

ஃபோர்ட் பகுதியில் பழக்கிய கண்ணை தாராவிக்குத் திருப்ப வேண்டும். நான் சொல்ல வந்ததே இதுதான்.

முதலில் சயான் கோட்டைக்கு ஏறுங்கள். ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரம். 1669 முதல் 1677 வரை பம்பாயின் ஆளுநராக இருந்த ஜெரால்ட் ஆஞ்சியர் காலத்தில் கட்டியது. மேலே நின்று வடக்கே பார்த்தால் எதற்காக அங்கே கட்டினார்கள் என்று விளங்கும். அந்தப் பக்கம், இன்று பாந்திரா, குர்லா, தாணே எல்லாம் அடங்கிய சாஷ்டித் தீவு அப்போது போர்த்துகீசியரிடம் இருந்தது. ஆங்கிலேயரின் எல்லை அந்தக் குன்றோடு முடிந்தது.

அடுத்து காலா கில்லா. நம்மில் பலருக்கு அது ஒரு பஸ் ஸ்டாப், ஒரு பெஸ்ட் டெப்போ. தினமும் அந்தப் பெயரைச் சொல்லி டிக்கெட் வாங்குகிறோம். அருகிலேயே, மிட்டி ஆற்றின் கரையில், பெயருக்குச் சொந்தமான கறுப்புக் கல் கோட்டை நிற்கிறது. ரீவா கோட்டை என்றும் சொல்வார்கள். ஆளுநர் ஜான் ஹார்ன் உத்தரவின்படி 1737இல் கட்டியது என்று சுவரில் ஆங்கிலக் கல்வெட்டு இருக்கிறது. அதே வருடம்தான் மராட்டியப் படை சாஷ்டிக்குள் புகுந்து போர்த்துகீசியரை விரட்டத் தொடங்கியது. அக்கரையில் போர் நடக்கும்போது இக்கரையில் ஆங்கிலேயர் எழுப்பிய காவல் சுவர் அது. இன்று சுற்றிலும் வீடுகள் நெருங்கி நிற்கின்றன, குப்பையும் சேர்கிறது. அங்கே போகும்போது குடியிருப்பவர்களிடம் சொல்லிவிட்டுப் போங்கள். அவர்கள் வீட்டுக்குள் கேமராவைத் திருப்பாதீர்கள். தாராவியை வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் நம்மை எப்படிப் படம் எடுக்கிறார்கள் என்பது நமக்குத் தெரியும். அந்தக் காரியத்தை நாம் செய்யக் கூடாது.

பிறகு, நம் ஆட்களே கட்டியவை. தாராவியின் பெரிய மசூதி 1887இல் எழுந்தது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் ஷாப் வேலைக்கு வந்த தமிழ் முஸ்லிம்கள் கட்டியது. ஆதிதிராவிட மக்கள் எழுப்பிய பிள்ளையார் கோவில் 1913ஆம் ஆண்டைச் சேர்ந்தது. இரண்டும் இன்றும் வழிபாடு நடக்கிற இடங்கள். தொழுகை நேரத்தையும் பூஜை நேரத்தையும் விட்டுவிட்டுப் போங்கள். பொறுப்பில் இருப்பவர்களிடம் முன்னாடியே சொல்லி வையுங்கள்.

அங்கே பார்ப்பதைவிடக் கேட்பதுதான் அதிகம். ஒருமுறை எங்களோடு வந்த சிறுமி, கோவில் பக்கம் உட்கார்ந்திருந்த பெரியவரிடம், “தாத்தா, நீங்க எந்த ஊரு?” என்று கேட்டாள். “எனக்கு இதுதாம்மா ஊரு. எங்க தாத்தாதான் திருநெல்வேலிப் பக்கமிருந்து தோல் ஊறப்போடுற வேலைக்கு வந்தாரு. சுண்ணாம்புத் தொட்டியில நின்னு நின்னு அவரு காலு ரெண்டும் வெந்துபோயிருக்கும். ராத்திரி எங்க பாட்டி தேங்கா எண்ணெ தடவிவிடும்” என்றார். எந்த வழிகாட்டிப் புத்தகத்திலும் இது இல்லை. பெரியவர்களின் சம்மதம் கேட்டு, பேச்சை செல்போனில் பதிவு செய்யுங்கள். முதலில் ஊர்ப் பெயர், பிறகு வந்த வருடம், பிறகு பார்த்த வேலை என்று கேட்டால் மற்றது தானாக வரும். வீடு திரும்பியதும் பெயர், தேதி போட்டு எழுதி வையுங்கள். அவர்களுக்கும் ஒரு பிரதி கொடுங்கள்.

ஒரு வேண்டுகோள்

தாராவி மறுசீரமைப்புக்காக வீடு வீடாகக் கணக்கெடுப்பு நடந்திருக்கிறது. நல்ல வீடும் கழிப்பறையும் குழாயில் தண்ணீரும் நம் மக்களுக்கு வேண்டும். அதில் இரண்டு கருத்து இல்லை. ஆனால் நாளைய வரைபடத்தில் காலா கில்லா சுத்தமாக, படிக்கட்டும் அறிவிப்புப் பலகையும் உள்ள இடமாக இருக்க வேண்டும். பலகையில் மராத்தி, இந்தி, ஆங்கிலத்தோடு தமிழும் இருக்க வேண்டும். தோல் ஷாப் தொழிலாளிகள் கட்டிய வழிபாட்டு இடங்களின் வரலாறும் அதில் ஏற வேண்டும். இதைக் கேட்க வேண்டியவர்கள் நாம்தான்.

வருகிற ஏப்ரல் 18 அன்று நம் சங்கங்களும் பள்ளிகளும் கோவில், மசூதிப் பொறுப்பாளர்களும் சேர்ந்து தாராவிக்கென்று ஒரு திறப்பு நாள் நடத்தலாம். பெரிய செலவு இல்லை. நான்கு இடங்கள், இடத்துக்கு இரண்டு இளைஞர்கள், கதை சொல்ல ஒரு பெரியவர், கையில் ஒரு பக்கக் குறிப்பு. இவ்வளவு இருந்தால் காலை எட்டு மணிக்குத் தொடங்கி மதியத்துக்குள் முடித்துவிடலாம். உங்கள் தெருவில் இதற்கு ஒத்துவருகிற நான்கு பேரை இன்றே சேருங்கள்.