வீட்டினுள் பயிலும் உடற்பயிற்சி இயந்திரங்கள்

சுவரிருந்தாலன்றோ சித்திரம் எழுதலாகும்? கல்வி, செல்வம், தொண்டு என்னும் சித்திரங்கள் அனைத்திற்கும் சுவராய் நிற்பது உடலே. அவ்வுடலை இறைவன் உறையும் ஆலயமாக எண்ணும் மரபு கிறித்தவர்க்கும் உண்டு. சைவ வைணவ அடியார்க்கும் உண்டு. ஆதலின் உடலைப் பேணுதல் தன்னலமன்று, கடமையேயாம். எச். சி. பக் என்னும் அமெரிக்கர் 1920-ஆம் ஆண்டில் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியை நிறுவினார். உடற்பயிற்சியும் கல்வியின் ஒரு கூறே என்னும் எண்ணம் நம் நாட்டுக் கல்லூரிகளில் வேரூன்றுதற்கு அந்நிலையம் பெருந்துணை புரிந்தது.

மாணவராகிய நமக்கு விளையாடுதற்கு மைதானம் உண்டு. ஆனால் இல்லத்திலிருக்கும் தாய்மார்க்கும் முதியோர்க்கும் யாது உண்டு? வீட்டினுள்ளேயே நடக்கவும், மிதிக்கவும், துடுப்பு வலிக்கவும் தக்க இயந்திரங்கள் இக்காலத்தில் கடைதோறும் விற்கப்படுகின்றன. அவற்றுள் எதனை, யார் பொருட்டு, எவ்வாறு தெரிந்தெடுத்தல் தக்கது என்பதையே இக்கட்டுரையில் யாம் ஆராயப் புகுகின்றோம்.

தேவை

நம் பாட்டன்மார் காலத்தில் உடற்பயிற்சி என்று தனியே ஒன்று வேண்டப்படவில்லை. ஏற்றமரத்தின்மீது முன்னும் பின்னும் நடந்து நீரிறைத்தவனுக்கும், உரலில் நெல் குத்திய பெண்ணுக்கும், வயலில் நாற்று நட்டவளுக்கும் தொழிலே பயிற்சியாயிற்று. இன்று மோட்டார் நீரிறைக்கின்றது, மிக்சி அரைக்கின்றது, உடலோ இருந்தவிடத்தே இருக்கின்றது.

இருக்கையின் தீமையை முதன்முதல் தெளிவுறக் காட்டியவருள் ஒருவர் ஜெரி மாரிஸ் என்னும் ஆங்கில மருத்துவர். அவரும் அவர் துணைவரும் இலண்டன் நகரத்து இரண்டடுக்குப் பேருந்து ஊழியரை ஆராய்ந்து, 1953-இல் தம் முடிபை வெளியிட்டனர். நாள் முழுதும் அமர்ந்து வண்டியோட்டியவரினும், படியேறி இறங்கிச் சீட்டு வழங்கிய நடத்துநர்க்கு இருதயநோய் குறைவு என்பது அவர் கண்ட உண்மை.

நம் நாட்டு நிலை யாது? இந்தியாவில் 10 கோடிக்கு மேற்பட்டோர் நீரிழிவுடையோர் என்றும், வளர்ந்தோருள் அவர் 11.4 விழுக்காட்டினர் என்றும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு நடந்த பேராய்வு 2023-இல் அறிவித்தது. 2022-ஆம் ஆண்டு நிலையைப் பற்றி 2024-இல் வெளிவந்த உலகளாவிய கணக்கொன்று, இந்தியரில் ஏறக்குறையப் பாதிப்பேர் போதிய உடலுழைப்பு இல்லாதவர் என்கின்றது. அதிலும் ஆண்களுள் 42 விழுக்காடும் பெண்களுள் 57 விழுக்காடும் என்று வேறுபாடு காணப்படுகின்றது. இவ்வேறுபாட்டை நாம் மனத்திற் கொள்ளவேண்டும். இக்கட்டுரையின் முடிபு இதனையே பற்றி நிற்பது.

ஜீயபுரம்

பொதுவாகக் கூறுவதினும் ஓரூரைக் கண்முன் நிறுத்திக் கூறுதல் தெளிவு தரும். திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே, காவிரியின் தென்பாங்கில், வாழைத் தோட்டங்களுக்கும் நெல்வயல்களுக்கும் இடையே அமைந்த ஊர் ஜீயபுரம். 1836-ஆம் ஆண்டளவில் ஆர்தர் காட்டன் எடுப்பித்த முக்கொம்பு மேலணை அதற்கு அணித்தே உள்ளது. இத்தகைய ஊரில் உள்ளோர்க்கு வீட்டினுள் நடக்கும் இயந்திரம் எதற்கு என்று சிலர் வினவலாம். ஆற்றங்கரையில் நடந்தாற் போதாதோ என்பது அவர் கேள்வி.

நடக்க இயல்பவர்க்கு அதுவே போதும். அதனினும் சிறந்தது வேறில்லை. ஆனால் எல்லார்க்கும் அது இயலுமா? ஊரையொட்டிச் செல்லும் திருச்சி–கரூர் நெடுஞ்சாலையில் பேருந்தும் பாரவண்டியும் ஓயாது விரைகின்றன. கோடையிலோ வெப்பம் 40 பாகையைக் கடக்கும் நாட்கள் உண்டு; ஆதலின் நடப்போர் விடியலுக்கு முன்னரோ இருட்டிய பின்னரோ தான் நடத்தல் வேண்டும். அவ்விருளில் ஆடவர் துண்டைத் தோளிலிட்டுப் புறப்பட்டுவிடுவர். பெண்டிர்க்கு அந்நேரம் அடுப்படி வேலை. அஃதின்றேல் தனியே செல்லும் அச்சம். வழுக்கி விழுவோமென்று அஞ்சும் முதியோரும் வாயிற்படியோடு நின்றுவிடுவர். இவர்க்கே வீட்டினுள் இருக்கும் இயந்திரம் பயன்படும் என்பது எம் கருத்து.

தோற்றம்

இவ்வியந்திரங்களின் வரலாறு வியப்புத் தருவது. 1796-இல் பிரான்சிஸ் லவுண்ட்ஸ் என்னும் ஆங்கிலேயர், நோயாளரின் கைகால்களை இயக்கி மூட்டுநோய் தீர்க்கும் இயந்திரம் ஒன்றுக்கு உரிமை பெற்றார். டிரெட்மில் என்பதோ தொடக்கத்தில் தண்டனைக் கருவி. வில்லியம் கியூபிட் என்னும் பொறியாளர் 1818-ஆம் ஆண்டளவில் சிறையாளர்க்கென மிதிசக்கரம் அமைத்தார். அதன்மேல் ஏறி ஏறி மிதித்தும் ஓரடியும் மேற்செல்லாத சிறையாளர் பட்ட துன்பம் பெரிது. 1898-இல் வந்த சட்டத்தால் இங்கிலாந்தில் அத்தண்டனை ஒழிக்கப்பட்டது.

தண்டனைக்குரிய அக்கருத்தே பின்னர் மருந்தாக மாறிற்று. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் அமெரிக்காவின் சியாட்டில் நகரத்து இருதய மருத்துவர் இராபர்ட் புரூஸ், நோயாளரை மின்சார டிரெட்மில்லில் நடக்கச் செய்து இருதயத்தின் நிலையை அளந்தார். மூன்று நிமிடத்திற்கு ஒருமுறை வேகத்தையும் ஏற்றத்தையும் கூட்டும் அவரது முறை 1963-இல் வெளிவந்தது. இன்று நம் மருத்துவமனைகளில் டி.எம்.டி. என்று வழங்கும் சோதனையில் பெரிதும் பின்பற்றப்படுவது அம்முறையே.

வகைகளும் குணதோஷங்களும்

முதலாவது டிரெட்மில். நடத்தல் யாவரும் அறிந்ததாதலின் இதனைப் புதிதாகக் கற்க வேண்டுவதில்லை. உடலின் பாரம் காலின்மேல் விழுவதால் எலும்பும் வலிவுறும். வேகத்தைக் கூட்டாமல் பலகையைச் சற்றே உயர்த்தினும் இருதயத்திற்குப் போதிய வேலை உண்டாகும். எனினும், ஓடுங்கால் ஒவ்வோரடியிலும் உடற்பாரத்தின் இருமடங்கு மும்மடங்கு விசை காலில் தாக்கும். மூட்டு நொந்தவர்க்கு அது தகாது. நிலைதடுமாறும் இயல்புடையோர் இதில் ஏறுதல் கூடாது. ஆடையிற் செருகும் பாதுகாப்புக் கயிற்றை ஒருநாளும் மறத்தலாகாது. ஓடும் பட்டையில் குழந்தைகளின் விரல் சிக்குதலும் உண்டாதலால், பயின்ற பின் மின்சாரத்தை நிறுத்தியே செல்லுதல் வேண்டும். மோட்டார் உடைய இவ்வியந்திரம், மின்சாரம் நின்றால் தானும் நிற்கும்.

இரண்டாவது நிலையான சைக்கிள். உடலின் பாரத்தை இருக்கை தாங்குவதால் முழங்காலுக்கு இதமானது. விழும் அச்சம் குறைவு. இடமும் சிறிதே கொள்ளும். காந்தத்தால் தடை உண்டாக்கும் எளிய வகைகளுக்கு மின்சாரம் வேண்டா. இதனுள்ளும் சாய்ந்தமரும் முதுகணையுடையது முதியோர்க்கும் பருத்த உடலினர்க்கும் ஏற்றது. மிதிகட்டை கீழே வரும்போது முழங்கால் சற்றே மடங்கியிருக்குமாறு இருக்கையை அமைத்தல் வேண்டும். இருக்கை மிகத் தாழ்ந்திருப்பின் இதமாகவேண்டிய சைக்கிளே முழங்காலை நோகச் செய்யும். எலும்பின்மேல் பாரம் ஏற்றாமை இதன் குறை.

மூன்றாவது எலிப்டிக்கல் என்பது. பாதம் மிதிபலகையை விட்டு நீங்காமல் நீள்வட்டமாகச் சுழலும். கைகளும் உடன் இயங்கும். ஆதலின் தாக்குதல் குறைந்து, உடல் முழுதும் உழைக்கும். நின்றே பயிலுவதால் எலும்பிற்கும் ஓரளவு நன்மையுண்டு. ஆயினும் இடம் மிகுதியும் வேண்டும்; தாழ்ந்த கூரையுடைய வீட்டில் தலை இடிக்கும். மலிந்த விலைக்குக் கிடைப்பன பல ஆடியும் ஒலித்தும் தொல்லை தரும்.

நான்காவது துடுப்பு வலிக்கும் இயந்திரமாகிய ரோயிங் மெஷின். கால், முதுகு, கை மூன்றையும் ஒருங்கே உழைக்கச் செய்வது இது. முதலிற் கால் உந்த, அடுத்து முதுகு சாய, இறுதியிற் கை இழுத்தல் வேண்டும். திரும்புங்கால் இம்முறை தலைகீழாகும். இதனை அறியாது முதுகை வளைத்து இழுப்போர்க்கு இடுப்புவலி உறுதி. ஏறக்குறைய எட்டடி நீளம் உடையதெனினும், பலவற்றை நிமிர்த்தியோ மடக்கியோ வைத்துவிடலாம். இளைஞர்க்கு இது நல்ல துணை.

படியேறும் இயந்திரம் ஒன்றும் உண்டு. மாடிப்படி உள்ள வீட்டினர் அதற்குப் பொருள் செலவிடுதல் வீணாதலின் அதனை விடுப்போம்.

ஆராய்ச்சி கூறுவது

இவற்றுள் எது உடலின் சக்தியை மிகுதியும் செலவிடும்? 1996-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் இதுபற்றி ஓர் ஆய்வு வெளிவந்தது. உடல்நலமுடைய இளைஞர் பதின்மூவரை ஆறுவகை இயந்திரங்களில் பயிலச் செய்து, அவர்க்கு ஒரே அளவான உழைப்பாகத் தோன்றும் நிலையில் அளந்தபோது, டிரெட்மில்லே முதலிடம் பெற்றது. விற்போர் இத்தகைய முடிபுகளையே எடுத்துக் கூறுவர். ஆனால் அவர்கள் நலமுடைய இளைஞர் என்பதை நாம் மறத்தலாகாது. முழங்கால் நொந்த ஒருத்தி டிரெட்மில்லில் ஐந்து நிமிடம் நின்று இறங்கிவிடுவாளாயின், சைக்கிளில் அரைமணி நேரம் மிதிப்பதே அவளுக்கு மிகுதி. இயந்திரத்தின் கண்ணாடியில் தோன்றும் கலோரிக் கணக்கும் மதிப்பீடேயன்றி நிறுத்துக் கண்ட அளவன்று.

தெரிந்தெடுக்கும் முறை

ஜீயபுரத்தில் ஒரு குடும்பம் இருப்பதாகக் கொள்வோம். தந்தையார்க்கு அகவை 58. இரத்த அழுத்தத்திற்கு மாத்திரை உண்பவர். தாயார்க்கு 53, நீரிழிவும் முழங்கால் வலியும் உண்டு. மகன் கல்லூரியிற் கால்பந்து ஆடுபவன். வீட்டிற்கு ஓர் இயந்திரம் வாங்கலாம் என்று பேச்செழுகின்றது. மகன் டிரெட்மில் வேண்டுமென்பான். தந்தையார் விலை மலிந்தது யாதென்று கேட்பார். தாயார் தமக்கெதற்கு என்று சமையலறைக்குச் சென்றுவிடுவார். இவ்வாறே பல வீடுகளில் முடிவு செய்யப்படுகின்றது. சில திங்களில் அவ்வியந்திரம் துணி உலர்த்தும் கொடியாய் மாறுவதையும் காண்கின்றோம்.

இங்கு முதலிற் கேட்கவேண்டிய வினா, எந்த இயந்திரம் சிறந்தது என்பதன்று. இவ்வீட்டில் வெளியே செல்ல இயலாதவர் யார் என்பதேயாம். மகனுக்கு மைதானம் உண்டு; தந்தையார்க்கு ஆற்றங்கரை உண்டு; தாயார்க்கே ஒன்றுமில்லை. ஆதலின் இயந்திரம் அவர்க்குரியதாதல் வேண்டும். அவர் முழங்காலுக்கு ஏற்றது முதுகணையுடைய சைக்கிள். அதனால் எலும்பிற்கு வரும் குறையை, முற்றத்தில் மெல்ல நடத்தலாலும், நாற்காலியிலிருந்து பத்துமுறை எழுந்தமர்தலாலும் நிரப்பலாம். அவரே முழங்கால் நலமுடையவராயின், டிரெட்மில்லைத் தெரிந்தெடுத்தல் தவறன்று.

வாங்குமுன் வேறு சிலவும் நோக்குதல் வேண்டும். பயிலப்போகிறவரே கடைக்குச் சென்று, காலணி அணிந்து, பத்து நிமிடமேனும் பயின்று பார்க்க வேண்டும். மடக்கிய அளவையன்றி விரித்த அளவையே கூடத்தில் அளந்து பார்க்க வேண்டும். மோட்டார் இயந்திரமாயின், வீட்டின் மின்னிணைப்பும் எர்த்தும் செம்மையா என்று மின்பணியாளரைக் கொண்டு அறிதல் நன்று. தாங்கும் எடை எவ்வளவு, பழுதுபார்ப்போர் திருச்சியிலிருந்து வருவாரா என்பனவும் கேட்கத்தக்கன. எல்லாவற்றினும் மேலாக, காற்றோட்டமுள்ள இடத்தில், மின்விசிறியின் கீழே, பிறர் இருந்து பேசும் கூடத்தில் அதனை வைத்தல் வேண்டும். மூலையறையில் அடைபட்ட இயந்திரம் மறக்கப்படும்.

பயிலும் முறை

வளர்ந்தோர் வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடம் வரை நடுத்தர உழைப்புச் செய்தல் நலம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2020-இல் வகுத்துரைத்தது. நாளொன்றுக்கு அரைமணியாக வாரத்தில் ஐந்து நாட்கள் எனில் குறைந்த அளவு நிறைவேறிவிடும். அதனையும் பத்துப் பத்து நிமிடமாகப் பகுத்துக்கொள்ளலாம். நடுத்தரம் என்பதற்கு எளிய அடையாளம் ஒன்றுண்டு: பயிலும்போது பேச இயலவேண்டும், பாட இயலாதிருக்கவேண்டும். இரத்த அழுத்தத்திற்குரிய சில மாத்திரைகள் நாடித்துடிப்பைக் குறைப்பனவாதலால், அவற்றை உண்போர் நாடிக்கணக்கினும் இவ்வடையாளத்தையே நம்புதல் தகும்.

இருதயநோயோ நீரிழிவோ உடையவர் மருத்துவரைக் கேட்டே தொடங்குக. நீரிழிவுடையோர் நாடோறும் பாதத்தைப் பார்த்துக்கொள்க. இன்சுலின் போடுவோர் சிறிது சர்க்கரையை அருகில் வைத்துக்கொள்க. மார்வலி, தலைச்சுற்றல், மிக்க மூச்சுத்திணறல் என்பன தோன்றின் உடனே நிறுத்தி மருத்துவரை நாடுக.

முடிவுரை

பொருள் இல்லாதார் வருந்த வேண்டா. வீட்டுக் கூடமும் மாடிப்படியும் எல்லா இயந்திரங்களுக்கும் முற்பட்டவை. திருச்சி மலைக்கோட்டையின் நானூற்றுக்கு மேற்பட்ட படிகள் வலியவர்க்கு விலையின்றிக் கிடைத்த பயிற்சிச்சாலை. 2023-இல் தமிழ்நாட்டரசு தொடங்கிய ‘நடப்போம் நலம் பெறுவோம்’ என்னும் திட்டத்தின்படி மாவட்டந்தோறும் எட்டுக் கிலோமீட்டர் நடைபாதை வகுக்கப்பட்டது. ஆனால் இவை யாவும் வாயிற்படியைக் கடக்க வல்லார்க்கே உரியன.

கடக்க இயலாதவர் ஒவ்வொரு வீட்டிலும் உளர். நாம் விடுமுறையில் ஊர் செல்லும்போது இயந்திரம் வாங்கும் பேச்சு எழுமாயின், நம் விருப்பத்தை முன் வைத்தலாகாது. அடுக்களையிலிருப்பவரை அழைத்து, “அம்மா, உங்களுக்கு எது இயலும்?” என்று முதலிற் கேட்போமாக. அவர்க்கு அவ்வரைமணி நேரம் கிடைக்குமாறு வீட்டுவேலையில் ஒரு பங்கை நாமும் ஏற்போமாக. இயந்திரத்தைப் பொருள் கொடுத்து வாங்கிவிடலாம். அதில் ஏறுதற்குரிய நேரத்தை வீட்டிலுள்ளோரே ஈந்துதவ வேண்டும்.