உடல் எடையும் நிலைக்கும் உணவுப் பழக்கமும்: கொல்கத்தா உணவைக் கொண்டு ஒரு பாடம்

உடல் பருமன் செல்வர்க்கே உரிய குறை என்ற எண்ணம் நம்மிடையே நெடுங்காலம் நிலவி வந்தது. அவ்வெண்ணம் இன்று பொருந்தாது. 2019–21ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற ஐந்தாம் தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 24.0 விழுக்காட்டினரும், ஆண்களில் 22.9 விழுக்காட்டினரும் மிகை எடை அல்லது பருமன் உடையவர்கள். அதே ஆய்வில் பெண்களில் 18.7 விழுக்காட்டினர் எடை குறைந்தவர்களாகவும் காணப்பட்டனர். ஒரே தெருவில், சில வேளைகளில் ஒரே வீட்டில், இவ்விரு குறைகளும் அருகருகே இருக்கின்றன. ஆகவே உணவைக் குறைக்கும்படி எவருக்கேனும் கூறுமுன், களப்பணியாளர் எடை பார்க்கும் கருவியையும் அளவு நாடாவையும் கையில் எடுத்துக்கொள்ளுதல் வேண்டும்.

இப்பாடத்திற்குக் கொல்கத்தா நகரை எடுத்துக்கொண்டமைக்குக் காரணம் உண்டு. 1943ஆம் ஆண்டு வங்கப் பஞ்சத்தில் இலட்சக்கணக்கானோர் மாண்டனர். உணவு தேடி வந்தோர் அந்நகரின் தெருக்களிலேயே உயிர் நீத்தனர். பசியின் கொடுமையை இவ்வாறு நேரில் கண்ட ஓர் ஊரில், பருத்த உடலை நலத்தின் அடையாளமாகவும், விருந்தினரை வற்புறுத்தி உண்பிப்பதை அன்பின் அடையாளமாகவும் கொள்வது இயல்பே. அங்குள்ள மக்களிடம் சென்று "குறைவாக உண்ணுங்கள்" என்று மட்டும் கூறினால் அச்சொல் செவியில் ஏறாது. சோறு, மீன், இனிப்பு ஆகிய மூன்றையும் விட்டுவிடச் சொல்லும் உணவுப் பட்டியல் எதுவும் அங்கு ஒரு திங்களுக்கு மேல் நிலைத்திராது. நிலைத்திராத பட்டியலால் பயன் யாது?

எடையும் இடுப்பளவும்

கிலோகிராமில் எடையை, மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைப்பது உடல் நிறை எண். மேற்கூறிய ஆய்வு 25-ஐ எல்லையாகக் கொண்டது. ஆயினும் இந்தியர்க்கு 23-க்கு மேற்பட்டால் மிகை எடை என்றும், 25-ஐ எட்டினால் பருமன் என்றும் நம் நாட்டு மருத்துவர்கள் 2009ஆம் ஆண்டில் வகுத்த வரையறை கூறுகிறது. எடுத்துக்காட்டாக, 162 சென்டிமீட்டர் உயரமும் 68 கிலோ எடையும் உடைய ஓர் அலுவலக எழுத்தரின் உடல் நிறை எண் ஏறத்தாழ 25.9 ஆகும்.

நமக்கு எல்லை ஏன் தாழ்ந்திருக்கிறது என்பதற்கு ஒரு சுவையான சான்று உண்டு. புனே நகரத்து மருத்துவர் யாக்னிக்கும், இலண்டன் நகரத்து மருத்துவர் யூட்கினும் 2004ஆம் ஆண்டில் தம் உடல்களையே அளந்து வெளியிட்டனர். இருவருக்கும் உடல் நிறை எண் 22.3. ஆனால் யூட்கினின் உடலில் கொழுப்பு 9.1 விழுக்காடு, யாக்னிக்கின் உடலிலோ 21.2 விழுக்காடு. மெலிந்து தோன்றும் இந்தியரிடமும், சிறப்பாக வயிற்றுப் பகுதியில், கொழுப்பு மிகுந்திருக்கக்கூடும். எடைக் கருவி இதனைக் காட்டாது, நாடா காட்டும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே, மூச்சை இயல்பாக வெளிவிட்ட நிலையில் சுற்றளவை எடுக்கவேண்டும். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரும், பெண்களுக்கு 80 சென்டிமீட்டரும் எல்லைகளாகும்.

கலோரிக் கணக்கு எங்கே தவறுகிறது?

ஒரு கிலோ உடற் கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கலோரி அடங்கியிருக்கிறது. ஆகவே நாளொன்றுக்கு 220 கலோரி குறைத்தால் ஓராண்டில் பத்துக் கிலோ குறையும் என்று பலரும் கணக்கிட்டுக் கூறுகின்றனர். இக்கணக்கையே நீட்டினால் மூன்றாண்டுகளில் முப்பது கிலோவுக்கு மேல் குறைய வேண்டும். நம் எழுத்தர் 38 கிலோவுக்கும் கீழே இறங்கிவிடுவார்! கணக்கு எங்கே பிழைத்தது? எடை குறையும்போது உடல் செலவிடும் ஆற்றலும் குறைகிறது என்பதனை அது மறந்துவிட்டது.

அமெரிக்க ஆராய்ச்சியாளர் கெவின் ஹால் என்பாரும் அவருடன் பணியாற்றியோரும் 2011ஆம் ஆண்டில் இதனைத் திருத்தி அமைத்தனர். அவர்கள் கூற்றுப்படி, நாள்தோறும் 24 கலோரி நிலையாகக் குறைத்தால் முடிவில் ஏறத்தாழ ஒரு கிலோ குறையும். அதில் பாதி முதல் ஆண்டிலும், 95 விழுக்காடு மூன்றாண்டு அளவிலும் நிகழும். இதன்படி 220 கலோரிக் குறைப்பு, ஓராண்டில் நாலரைக் கிலோவையும், மூன்றாண்டில் ஒன்பது கிலோவுக்குச் சற்றுக் குறைவாகவும் தரும். இதனை முதல் நாளிலேயே சொல்லிவிடுவது நன்று. பத்துக் கிலோவை எதிர்பார்த்தவர் ஓராண்டு முடிவில் நாலரைக் கிலோ மட்டுமே குறைந்திருக்கக் கண்டு, தாம் தோற்றுவிட்டதாக எண்ணி எல்லாவற்றையும் கைவிட்டுவிடுவார். உண்மையில் அவர் சரியான வழியிலேயே சென்றுகொண்டிருப்பார்.

பட்டினி கிடந்து விரைவில் குறைப்பது பற்றியும் அறிந்திருத்தல் வேண்டும். அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் 1944–45இல் ஆன்சல் கீஸ் என்பார், நல்லுடல் படைத்த 36 இளைஞரைத் தம் விருப்பத்தின்பேரில் இருபத்துநான்கு வாரங்கள் அரைப்பட்டினியில் வைத்து ஆராய்ந்தார். அவர்கள் எடை ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைந்தது. அத்துடன், உணவைத் தவிர வேறு நினைவே அவர்களுக்கு இல்லாமற்போயிற்று. சமையற் புத்தகங்களைச் சேர்த்துப் படித்தவர்களும் உண்டு. ஆஸ்திரேலியாவில் ஐம்பது பேரைக் கொண்டு நடத்தப்பெற்று 2011இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு, பத்து வாரக் கடும் உணவுக் குறைப்பு முடிந்து ஓராண்டு சென்ற பின்னரும் பசியைத் தூண்டும் ஹார்மோன் உயர்ந்தும், பசியை அடக்கும் ஹார்மோன் தாழ்ந்தும் இருந்ததைக் காட்டியது. மீண்டும் எடை ஏறியவரை "மனவுறுதி இல்லாதவர்" என்று கடிந்துகொள்ளும் பணியாளர்கள் இதனைச் சற்று எண்ணிப்பார்க்க வேண்டும்.

தட்டு அதுவே, அளவு வேறு

வங்காளியர் வீட்டில் பகலுணவு ஒரு முறைப்படி வருகிறது. முதலில் கசப்பு: பாகற்காயோ, பல காய்கள் சேர்ந்த 'சுக்தோ'வோ, இளவேனிலில் கத்தரிக்காயுடன் வதக்கிய வேப்பிலையோ இருக்கும். அடுத்துப் பருப்பும் பொரியலும், பின்னர்க் காய்கறி, அதன்பின் மீன், இறுதியில் புளிப்பும் இனிப்பும் கலந்த சட்னியும், ஓர் இனிப்புப் பண்டமும். காய்கறியையும் புரத உணவையும் முதலில் உண்டு, மாவுப் பொருளைப் பின்னர் உண்டால், உணவுக்குப்பின் இரத்தச் சர்க்கரை குறைவாக ஏறுகிறது என்று சில சிறிய ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆனால் வங்காளியர் இவையனைத்தையும் சோற்றுடனேயே பிசைந்து உண்பதால் அப்பயன் முழுவதும் கிட்டுவதில்லை. சுக்தோவை ஒரு கிண்ணம் தனியே உண்டுவிட்டுச் சோற்றைத் தொடும்படி கூறலாம். வழக்கத்திற்கு இது மாறானதன்று. ஆதலின் எளிதில் ஏற்றுக்கொள்ளப்படும்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தேசிய உணவூட்ட நிறுவனமும் 2024இல் வெளியிட்ட வழிகாட்டி, நாளைய ஆற்றலில் தானியங்களின் பங்கு 45 விழுக்காட்டைத் தாண்டலாகாது என்கிறது. நம் நாட்டில் பலருக்கு அது 50 முதல் 70 விழுக்காடு வரை உள்ளது. நூறு கிராம் அரிசியில் ஏறத்தாழ 350 கலோரி உண்டு. பகலில் 150 கிராம் அரிசிச் சோறு உண்ணும் எழுத்தர் அதனை 110 கிராமாகக் குறைத்தால் 140 கலோரி குறையும். குறைத்த இடத்தில் கீரையும் காயும் பருப்பும் வந்தால் வயிறு குறைசொல்லாது. அவற்றிலுள்ள கலோரியையும் கணக்கிற் சேர்க்க வேண்டுமெனினும், அளவாகத் தாளித்த கீரைக்கு அது மிகச் சிறிதே.

இங்கு உருளைக்கிழங்கைப் பற்றித் தனியே ஒரு சொல். மீன் குழம்பிலும் உருளைக்கிழங்கு, ஆட்டிறைச்சிக் குழம்பிலும் உருளைக்கிழங்கு, கொல்கத்தாப் பிரியாணியிலுங்கூட உருளைக்கிழங்கு! அது அந்நகர மக்களின் உள்ளங்கவர்ந்த பொருள். விலக்கச் சொல்வது வீண். ஆனால் அதனைக் காய்கறிக் கணக்கில் சேர்க்காது, சோற்றுக் கணக்கில் சேர்க்கும்படி கற்பிக்கலாம். இரண்டு துண்டு கிழங்கு உண்ட நாளில் ஒரு பிடி சோறு குறையட்டும்.

மீனைக் குறைக்க வேண்டுவதில்லை. நூறு கிராம் ரோகு மீனில் 17 முதல் 20 கிராம் புரதமும், ஏறத்தாழ நூறு கலோரியுமே உண்டு. மிகுதி எல்லாம் எண்ணெயால் வருவது. துண்டுகளைக் கடுகெண்ணெயில் நன்கு பொரித்தபின் குழம்பிலிடுவது அங்குள்ள முறை. ஒரு கிராம் எண்ணெய் ஒன்பது கலோரி. கரண்டியால் அளக்கும்படி சொன்னால் எவரும் அளப்பதில்லை; மாதத்திற்கு எத்தனை கிலோ வாங்குகிறார்கள் என்று கேட்பதே தக்க முறை. உட்கார்ந்து பணிபுரியும் ஒருவருக்கு நாளொன்றுக்கு 20 முதல் 25 கிராம் எண்ணெய் போதும். வளர்ந்தோர் நால்வருள்ள வீட்டிற்கு மாதம் இரண்டரை முதல் மூன்று கிலோ என்பது கணக்கு. ஐந்து கிலோ செலவானால், எங்கே செலவாகிறது என்று வீட்டாரே ஆராய்ந்து சொல்வார்கள்.

மாலை வேளையே கடினமானது. அலுவலகம் விட்டு வருவோர் தெருமுனைக் கடையில் 'தேலேபாஜா' எனப்படும் பஜ்ஜி வகைகளை வாங்குகின்றனர். அரிசிப்பொரியுடன் சேர்த்து உண்கின்றனர். பொரி நல்ல உணவு. ஒரு கிண்ணம் 20 கிராமே இருக்கும், 70 கலோரிக்கு மேற்படாது. அதில் வெங்காயம், வெள்ளரிக்காய், ஊறிய கடலை, பச்சை மிளகாய் சேர்த்து உண்டால் பசி அடங்கும். நான்கு பஜ்ஜிக்கு ஒரு கிண்ணம் பொரி என்பதனை, இரண்டு கிண்ணம் பொரிக்கு ஒரு பஜ்ஜி என்று மாற்றிவிட்டால் பழக்கம் கெடாது. எண்ணெய் பெரிதும் குறையும். தேநீரிலும் இவ்வாறே. நாளைக்கு நான்கு குவளை, குவளைக்கு இரண்டு தேக்கரண்டிச் சர்க்கரை எனில் 40 கிராம் சர்க்கரை, அதாவது 160 கலோரி. கரண்டி ஒன்றாகக் குறைந்தால் 80 மிஞ்சும். இந்த எண்பதும் சோற்றில் குறைத்த 140-உம் சேர்ந்ததே நாம் மேலே கண்ட 220.

லேக் மார்க்கெட் பகுதியில் நெடுங்காலமாக வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கும் இது பொருந்தும். சுக்தோ இருந்த இடத்தில் கூட்டையும், தேலேபாஜா இருந்த இடத்தில் வடையையும், தேநீர் இருந்த இடத்தில் காப்பியையும் வைத்துக்கொண்டால் கணக்கு மாறுவதில்லை.

இனிப்பைத் தடைசெய்யலாமா?

பால் தட்டுப்பாட்டை நீக்கும் நோக்கத்துடன், மேற்கு வங்க அரசு 1965ஆம் ஆண்டில் 'சானா' எனப்படும் பாற்கட்டியால் இனிப்புச் செய்வதைத் தடைசெய்தது. நலவாழ்வுக்காகப் பிறந்த ஆணையன்று அது. மக்கள் வெகுண்டனர், ஆணையும் நெடுநாள் நிலைக்கவில்லை. 2017ஆம் ஆண்டு நவம்பர் 14ஆம் நாள் வங்காள ரசகுல்லா புவிசார் குறியீடு பெற்றது. அந்நாளை ரசகுல்லா நாளாகவே கொண்டாடுகின்றனர். உலக நீரிழிவு நாளும் அதே நாள் என்பதைக் கண்டு நலவாழ்வுப் பணியாளர் சிரிப்பதா வருந்துவதா எனத் திகைக்கக்கூடும். அரசின் ஆணைக்கு அடங்காத ஆசை, ஒரு பணியாளரின் அச்சிட்ட தாளுக்கு அடங்கிவிடுமா? இனிப்பை வீட்டில் வாங்கி வைக்காமல், வேண்டியபோது கடைக்கு நடந்து சென்று ஒன்று மட்டும் உண்டு வருவது என்ற ஏற்பாடு பலருக்கு ஒத்துவருவது. ரசகுல்லாவைப் பாகு பிழிந்து உண்போரும் உண்டு. சுவையறிந்தோர் இதனைப் பாவமென்பர், ஆயினும் சர்க்கரை குறைவது மெய்.

களத்தில் செய்யவேண்டுவன

முதற் சந்திப்பில் அறிவுரை கூறாதீர்கள். மூன்று நாள் உணவை, அவற்றுள் ஒன்று விடுமுறை நாளாக, உண்டவாறே எழுதிவரச் சொல்லுங்கள். எழுதத் தெரியாதவர்க்குப் பள்ளி செல்லும் பிள்ளை எழுதலாம். ஆசிரியர்கள் இதனை ஒரு வகுப்புப் பயிற்சியாகவே அமைக்கலாம். ஆனால் மாணவரின் எடையை வகுப்பில் உரக்கப் படிப்பது கூடாது. குறிப்பு வந்தபின், எதனை மாற்ற இயலும் என்று அவரையே கேளுங்கள். இரண்டிற்கு மேற்பட்ட மாற்றங்களை ஒருசேர ஏற்கவிட வேண்டாம். வீட்டில் சமைப்பவரையும் உடன் அமர்த்திப் பேசுவது இன்றியமையாதது. உண்பவர் ஒப்புக்கொண்டு சமைப்பவர் அறியாத மாற்றம் மறுநாளே மறைந்துவிடும்.

வாரம் ஒருமுறை, ஒரே நாளில், காலைக்கடன் முடித்து உண்ணுமுன் எடை பார்த்துக் குறித்துக்கொள்ளவேண்டும். எடை அசையாத மாதங்களும் வரும். அப்போது சொல்லத்தக்க செய்தி ஒன்று சென்னையிலிருந்து கிடைக்கிறது. நீரிழிவின் வாயிலில் நின்ற 531 பேரைக் கொண்டு மருத்துவர் அ. இராமச்சந்திரன் குழுவினர் நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வில், மூன்றாண்டுகளில் வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றோருள் 55 விழுக்காட்டினர் நீரிழிவுக்கு ஆளாயினர். உணவையும் நடையையும் திருத்திக்கொண்டோருள் 39.3 விழுக்காட்டினரே ஆளாயினர். திருத்திக்கொண்டோரின் எடை குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை என்பதே இங்குக் கவனிக்கத்தக்கது. எடைக் கருவி அசையாதபோதும் பயன் விளைந்துகொண்டிருந்தது.

கருவுற்றோர், பாலூட்டும் தாய்மார், வளரும் பிள்ளைகள், எடை குறைந்த முதியோர் ஆகியோர்க்கு இக்குறைப்பைக் கூறலாகாது. இன்சுலினோ சர்க்கரையைத் தாழ்த்தும் மாத்திரையோ கொள்வோர் மருத்துவரைக் கேளாது சோற்றைக் குறைத்தால், இரத்தச் சர்க்கரை அளவுமீறித் தாழ்ந்து மயக்கமுறக்கூடும்.

துர்க்கா பூசை தொடங்கிக் காளி பூசையும், உடன்பிறந்தாளின் கையால் இனிப்புண்ணும் சகோதர நாளும் முடியும் வரை, கொல்கத்தாவில் புதிய மாற்றம் எதனையும் தொடங்க வேண்டாம். அவ்வாரங்களில் எடை ஏறாமல் இருந்தாலே போதுமானது. ஒரு கிலோ ஏறினும் அதனைக் குறிப்பேட்டில் எழுதிவிட்டு, அடுத்த திங்கட்கிழமை முதல் பழைய அளவுச் சோற்றுக்குத் திரும்பச் சொல்லுங்கள்.