வெண்கொக்குக் கோட்டை

ஜப்பான் நாட்டின் ஓசாகா நகரினின்று அதிவேக இரயிலில் புறப்படுவோர் ஏறத்தாழ அரை மணிப் பொழுதில் ஹிமேஜி நகரை அடைவர். நிலையத்தினின்று வடதிசை நோக்கின், நேரிய பெருவீதியின் முடிவில், குன்றின்மேல் வெண்ணிறக் கோட்டை ஒன்று தோன்றும். சிறகு விரித்தெழும் கொக்கினை ஒத்தலின், அதனை ‘வெண்கொக்குக் கோட்டை’ என மக்கள் பாராட்டுவர்.

அக்குன்றில் 14-ஆம் நூற்றாண்டிலேயே அரண் இருந்தது. இன்று காணும் பெருங்கோட்டையை 1601 முதல் 1609 வரை எழுப்பியவர் இக்கேடா தெருமாசா என்னும் சிற்றரசர்.

அகழி கடந்து உள்ளே புகுவோர், கோட்டை கண்ணெதிரே நிற்பினும் அதனை நேரே அணுக இயலாது. வழி வளைந்து வளைந்து செல்லும். ஓரிடத்தில் கோட்டைக்குப் புறங்காட்டியும் திரும்பும். பகைவர் திகைத்து நிற்கும் அளவில், வட்டமும் முக்கோணமும் சதுரமுமாய் மதிலில் அமைந்த துளைகளின் வழியே அம்பும் குண்டும் பாயும். சுவரிற் பூசிய வெண்சுதையும் அழகின் பொருட்டு மட்டும் அன்று. மரக்கட்டடத்தைத் தீயினின்று காப்பதும் அதுவே. இத்துணைக் காவல் இருந்தும், இக்கோட்டை பெரும்போர் எதனையும் கண்டதில்லை.

போர் அழியாத கோட்டையைப் புறக்கணிப்பு அழிக்க முற்பட்டது. 1871-இல் சிற்றரசுகள் நீக்கப்பட்டபின், பேணுவாரின்றி அது சிதைந்தது. நகாமுரா ஷிகேட்டோ என்னும் படை அதிகாரி, அதனைக் காத்தல் வேண்டுமென 1878-இல் அரசுக்கு விண்ணப்பித்தார். 1945 ஜூலையில் விமானங்கள் பொழிந்த எரிகுண்டுகளால் நகரின் பெரும்பகுதி சாம்பலாயிற்று. கோட்டையின் மேல்நிலையில் வீழ்ந்த குண்டோ வெடியாது போயிற்று. வீடிழந்தோர் நிமிர்ந்து நோக்கியபொழுது, கோட்டை நின்றுகொண்டிருந்தது.

1956 முதல் 1964 வரை பெருமாளிகையைப் பகுதி பகுதியாகப் பிரித்து மீண்டும் அமைத்தனர். அதனுள் ஏறுவோர், ஏறத்தாழ 25 மீட்டர் உயரமுள்ள இரு பெருந்தூண்களைக் காண்பர். கிழக்குத் தூண் பழையது. மேற்குத் தூண், முன்னது உளுத்தமையால் அப்பணியின்போது புதிதாக நாட்டப்பெற்றது. பழமையும் புதுமையும் ஒரே சுமையைத் தாங்கி நிற்கின்றன. 1993-இல் இக்கோட்டை உலக மரபுச் சின்னமாக ஏற்கப்பெற்றது.

படியேறிக் களைத்தோர்க்கு, மேற்கிலுள்ள கோகோஎன் தோட்டம் இளைப்பாற இடந்தரும். முன்பு சிற்றரசரின் மாளிகையும் வீரர் இல்லங்களும் இருந்த நிலத்தில், 1992-இல் ஒன்பது தோட்டங்களாக அஃது அமைக்கப்பெற்றது. ஒன்றில் அருவி வீழும் குளத்தில் வண்ணக் கெண்டைகள் உலவும். ஒன்றில் பைன் மரங்கள் நிழல் செய்யும். ஒன்றில் மூங்கில்கள் காற்றில் அசையும். தேநீர் மனையில் அமர்ந்து, பச்சைத் தேநீர் பருகி, மாலையில் மீள்வோர் பலர்.

கல்லும் மரமும் தாமே நிலைப்பன அல்ல. காப்பார் உளராயின் நிற்கும். ஒரு தலைமுறை ஆக்கியதைப் பல தலைமுறைகள் பேணியமையாலன்றோ, அவ்வெண்கொக்கு இன்றும் குன்றின்மேல் அமர்ந்திருக்கின்றது!