ஒரு பாதி ஆட்டமும் ஒரு வீரரின் தகுதியும்

விளையாட்டைப் பற்றி எழுத அறிவியல் மாணவனுக்கு என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கக் கூடும். அதிலும் நம்மில் பெரும்பாலோர் கண்ணால் கண்டிராத ஓர் அயல்நாட்டு ஆட்டம்! ஆகவே, காரணத்தைச் சொல்லிவிட்டே தொடங்குகிறேன்.

என் பெரியப்பா மகன் அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில் பொறியியல் மேற்படிப்புப் படிக்கிறார். ஒரு நாள் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தபோது, "தம்பி, இங்கே ஒரு பழைய வழக்கு இன்னும் ஓயவில்லை. முடிவெட்டும் கடைக்குப் போனால்கூட இரண்டு கட்சியாய் நின்று பேசுகிறார்கள். நீ புள்ளியியல் படிக்கிறவன்தானே, எந்தக் கட்சி சரி என்று கணக்குப் போட்டுச் சொல்" என்றார். அந்த நேரத்தில் எனக்கும் ஒரு மனக்குறை இருந்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன். கணக்குப் போட்டுப் பார்த்தேன். அதன் விளைவே இக்கட்டுரை.

ஆட்டத்தின் அமைப்பு

அமெரிக்க ஃபுட்பால் பெயருக்குத்தான் கால்பந்து. பந்து பெரும்பாலும் கையிலேயே இருக்கும். அணிக்குப் பதினொருவர். எல்லைக் கோட்டுக்கு எல்லைக் கோடு களம் 100 கஜம். பந்தை வைத்திருக்கும் அணி நான்கு முயற்சிகளில் பத்துக் கஜமாவது முன்னேற வேண்டும். இல்லையேல் பந்து எதிரணிக்குப் போய்விடும். எதிரியின் எல்லைக் கோட்டைப் பந்துடன் கடந்தால் ஆறு புள்ளிகள்.

ஒவ்வொரு முயற்சியிலும் பந்து முதலில் வந்து சேருவது குவார்ட்டர்பேக் என்னும் வீரரின் கையில். எதிரிகள் பாய்ந்து வருவதற்குள், ஓரிரு நொடிகளில், அவர் முடிவு செய்ய வேண்டும்: தோழனுக்கு எறிவதா, அருகில் இருப்பவனிடம் கொடுப்பதா, தாமே ஓடுவதா? கிரிக்கெட்டில் இரண்டு நல்ல பந்து வீச்சாளர்கள் இருந்தால் இருவருக்கும் மாறி மாறி வாய்ப்புத் தரலாம். இங்கே ஒரே நாற்காலி. ஒருவர் அமர்ந்தால் மற்றவர் ஓரத்தில் நிற்க வேண்டியதுதான். கல்லூரி அணியில் ஒரு மாணவர் ஆடக் கூடிய பருவங்களோ பொதுவாக நான்குதான். அலபாமாப் பல்கலைக் கழகம் இருக்கும் டஸ்கலூசா நகரில் ஒரு லட்சம் பேர் அமரும் அரங்கம் உண்டு. அந்த ஒரு லட்சம் பேருக்கும் அந்த ஒரு நாற்காலியைப் பற்றி ஒரு கருத்தும் உண்டு.

வழக்கு

டெக்சாஸ் மாநிலத்திலிருந்து வந்த ஜேலன் ஹர்ட்ஸ், 2016-இல் முதலாண்டு மாணவராக இருக்கும்போதே அந்த இடத்தைப் பிடித்தார். இரண்டு பருவங்களில் அவர் தொடங்கி ஆடிய 28 ஆட்டங்களில் அணி வென்றவை 26. அடுத்த ஆண்டு ஹவாய்த் தீவிலிருந்து டூவா டாகோவைலோவா வந்து சேர்ந்தார், இடக்கையால் எறிபவர்.

2018 ஜனவரி 8. நாட்டின் கல்லூரிச் சாம்பியன் யார் என்று முடிவு செய்யும் ஆட்டம், அட்லாண்டா நகரில். எதிரணி ஜார்ஜியாப் பல்கலைக் கழகம். பாதி ஆட்டம் முடிந்தபோது அலபாமா 0, ஜார்ஜியா 13. ஹர்ட்ஸ் எட்டு முறை எறிந்து மூன்றே பிடிபட்டிருந்தன. பயிற்சியாளர் நிக் சேபன் இடைவேளையில் ஹர்ட்ஸை உட்கார வைத்து டூவாவை இறக்கினார். ஆட்டம் சமனாகிக் கூடுதல் நேரத்துக்குப் போயிற்று. ஜார்ஜியா மூன்று புள்ளிகள் எடுத்தது. அலபாமாவின் முதல் முயற்சியிலேயே டூவாவைப் பிடித்து வீழ்த்தினார்கள். 16 கஜம் பின்னடைவு. அடுத்த முயற்சியில் அவர் எறிந்த பந்து 41 கஜம் கடந்து டெவான்டா ஸ்மித்தின் கையில் விழுந்தது. அலபாமா 26, ஜார்ஜியா 23.

அன்றிரவே ஊர் இரண்டாயிற்று. "இனி டூவாதான், எதிர்காலம் அவர் கையில்" என்றது ஒரு கட்சி. "இருபத்தாறு வெற்றி கொடுத்தவரை ஒரு பாதி ஆட்டத்துக்காகத் தள்ளுவதா?" என்றது மறு கட்சி. அடுத்த பருவம் டூவாவுக்கே இடம் கிடைத்தது. ஹர்ட்ஸ் வேறு கல்லூரிக்குப் போய்விடுவார் என்று எல்லோரும் எதிர்பார்த்தனர், அவர் போகவில்லை.

2018 டிசம்பர் 1. அதே அரங்கம், அதே ஜார்ஜியா, தெற்கு மாநிலக் கல்லூரிகளின் சாம்பியன் ஆட்டம். இம்முறை டூவா கணுக்காலில் அடிபட்டு வெளியேறினார். கடைசிக் கால் பகுதியில் பின்தங்கியிருந்த அணியை ஹர்ட்ஸ் வந்து 35-28 என்று வெல்ல வைத்தார். ஊர் மறுபடியும் விவாதத்தில் இறங்கியது.

கணக்கு

இனி நம் பாடத்துக்கு வருவோம். ஒருவர் எறியும் பந்துகளில் நூற்றுக்கு அறுபது பிடிபடும் என்பது அவருடைய உண்மையான திறமை என்று வைத்துக்கொள்வோம். அவர் 24 முறை எறிந்தால் எத்தனை பிடிபடும்? சராசரியாக 14.4. ஆனால் ஒவ்வொரு நாளும் அப்படியே வராது. விலக்கம் எவ்வளவு என்று அறிய, எறிந்த எண்ணிக்கை, பிடிபடும் நிகழ்தகவு, பிடிபடாத நிகழ்தகவு ஆகிய மூன்றையும் பெருக்கி வர்க்கமூலம் எடுக்க வேண்டும். 24 × 0.6 × 0.4 = 5.76, அதன் வர்க்கமூலம் 2.4. இதுவே திட்ட விலக்கம். இதன் இரு மடங்கைச் சராசரியின் இருபுறமும் வைத்தால், ஏறத்தாழ நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து நாட்களில் விடை அந்த எல்லைக்குள் அடங்கும். அதாவது, பத்திலிருந்து பத்தொன்பது வரை எது வந்தாலும் வியப்பதற்கில்லை. பத்து வந்தால் "கை போய்விட்டது" என்பார்கள், பத்தொன்பது வந்தால் "மேதை" என்பார்கள், மனிதர் ஒருவரே!

ஜனவரி இரவில் டூவா எறிந்தவை 24, பிடிபட்டவை 14. நூற்றுக்கு 58. ஹர்ட்ஸ் 2017 பருவம் முழுவதும் எறிந்தவை 255, பிடிபட்டவை 154. நூற்றுக்கு 60. ஊரே மயங்கிய அந்த இரவில், இந்த ஓர் அளவைப் பொறுத்தவரை, புதியவர் பழையவரைவிட மேல் என்பதற்குச் சான்று இல்லை. மக்கள் மனத்தில் தங்கியது அந்த 41 கஜ எறிதல் ஒன்றே.

இரண்டு இரவுகளையும் கூட்டிப் பார்த்தால் வேடிக்கை இன்னும் பெரிது. டிசம்பரில் டூவா 25-க்கு 10. ஹர்ட்ஸ் 9-க்கு 7. ஆக, ஜார்ஜியாவுக்கு எதிராக இரண்டு இரவுகளிலும் டூவா 49-க்கு 24, நூற்றுக்கு 49. ஹர்ட்ஸ் 17-க்கு 10, நூற்றுக்கு 59. அப்படியானால் ஹர்ட்ஸ் கட்சியே வென்றதா? இல்லை. பதினேழு எறிதல்களை வைத்துக்கொண்டு எதையும் நிறுவ முடியாது. ஒரு கட்சிக்கு மறுத்ததை மறு கட்சிக்குக் கொடுப்பது அறிவியல் ஆகாது.

நூற்றுக்கு 60 பிடிபடுபவரையும் 65 பிடிபடுபவரையும் ஓரளவு உறுதியோடு பிரித்தறிய, ஒவ்வொருவரும் ஏறத்தாழ 750 முறை எறிய வேண்டும். பருவத்துக்கு 250 என்றால் ஆளுக்கு மூன்று பருவங்கள். இருவரும் ஒரே நேரத்தில் ஆட முடியாதாகையால் மொத்தம் ஆறு ஆண்டுகள். அதற்குள் இருவரும் பட்டம் வாங்கிப் போயிருப்பார்கள். நெருங்கிய திறமையுள்ள இருவரில் யார் மேல் என்ற கேள்விக்கு விடை வருவதற்கு முன்பே முடிவு எடுத்தாக வேண்டும். எந்தப் பயிற்சியாளரும் இதற்கு விலக்கல்லர்.

அப்படியானால் சேபன் செய்தது வெறும் சூதாட்டமா? அப்படியும் சொல்ல மாட்டேன். ஊர் பார்த்தது ஒரு பாதி ஆட்டம். அவர் பார்த்தது ஓராண்டுப் பயிற்சி. அடுத்த பருவம் அவர் கணிப்புக்குச் சான்று தந்தது. 2018-இல் டூவா 355-க்கு 245, நூற்றுக்கு 69. எண்ணிக்கை பெருகியபின் வந்த இந்த வேறுபாட்டைத் தற்செயல் என்று எளிதில் ஒதுக்க முடியாது.

நாணயம் கற்காது, மனிதன் கற்பான்

ஆனால் இங்கேதான் என் கணக்கில் ஒரு குறை இருப்பதைக் கண்டேன். நாணயத்தை ஆயிரம் முறை சுண்டினாலும் அது எதையும் கற்றுக்கொள்வதில்லை; அதன் நிகழ்தகவு மாறுவதில்லை. மனிதன் அப்படியல்லன். ஹர்ட்ஸ் அந்த ஓராண்டும் ஓரத்தில் நின்றார், பயிற்சியை விடவில்லை, 2018 டிசம்பரில் பட்டமும் பெற்றார். பிறகு ஒக்லஹோமாப் பல்கலைக் கழகத்துக்குச் சென்று, 2019 பருவத்தில் 340-க்கு 237 கண்டார். நூற்றுக்கு 69.7! எந்த அளவால் அவர் இரண்டாமவர் ஆனாரோ, அந்த அளவை மறு ஆண்டே எட்டிவிட்டார். நாம் அளந்தது மனிதரை அன்று. மனிதரின் ஒரு காலத்தை.

அந்த ஆண்டு சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் விருதின் வாக்கெடுப்பைப் பாருங்கள். முதலிடம் லூசியானா மாநிலப் பல்கலைக் கழகத்தின் ஜோ பர்ரோ. ஒஹாயோ மாநிலப் பல்கலைக் கழகத்தில் இடம் கிடைக்காமல் வெளியேறியவர். இரண்டாமிடம் ஹர்ட்ஸ். மூன்றாமிடம் ஜஸ்டின் ஃபீல்ட்ஸ். ஜார்ஜியாவில் இடம் கிடைக்காமல் ஒஹாயோவுக்குச் சென்றவர். மூவரும் முன்பு எங்கோ ஓரத்தில் நின்றவர்கள்!

இந்தச் சண்டை நடந்த காலமெல்லாம் அலபாமாவில் மூன்றாமவர் ஒருவர் வாய் திறவாமல் இருந்தார். அவர் பெயர் மாக் ஜோன்ஸ். இரு கட்சியாரும் எதிர்காலத்தைப் பற்றி இரவும் பகலும் பேசினர். அவர் பெயரைச் சொன்னவர் மிகச் சிலரே. 2020-இல் அவர் காலம் வந்தது. 13 ஆட்டம், 13 வெற்றி, நாட்டின் சாம்பியன் பட்டம். 402-க்கு 311, நூற்றுக்கு 77.

ஓர் எச்சரிக்கை. இவ்வுதாரணங்களைக் கண்டு, "தள்ளப்பட்டவரெல்லாம் உயர்வர்" என்று முடிவு கட்டிவிடக் கூடாது. உயர்ந்தவர்களின் பெயர்களே நமக்குக் கிடைக்கின்றன. இடம் மாறிப் போய் அங்கும் ஓரத்தில் நின்று, பெயர் தெரியாமல் படிப்பை முடித்தவர்கள் எத்தனையோ பேர். அவர்களை எண்ணாமல் விட்டால், எரிந்த விறகை விட்டுவிட்டு மிஞ்சிய விறகை மட்டும் எண்ணியவன் கதையாகும். கணக்கு நமக்குச் சொல்வது இவ்வளவே: தள்ளப்பட்டது தகுதியின்மைக்குச் சான்று அன்று, தகுதிக்கும் சான்று அன்று.

பின்னர் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தொழில்முறை அணிகள் 2020-இல் டூவாவை ஐந்தாவதாகத் தேர்ந்தெடுத்தன. ஹர்ட்ஸை ஐம்பத்து மூன்றாவதாக. 2023 பருவத்தில் தொழில்முறை லீக்கிலேயே அதிகக் கஜம் எறிந்தவர் டூவா. 2025 பிப்ரவரியில் லீக்கின் இறுதி ஆட்டத்தில் ஹர்ட்ஸின் ஃபிலடெல்ஃபியா அணி 40-22 என்று வென்றது. ஆட்ட நாயகரும் அவரே. முடிவெட்டும் கடையில் வழக்கு ஓயாததில் வியப்பென்ன!

இனி என் மனக்குறை. என் துறையில் ஓர் ஆய்வுப் பணிக்கு ஒருவரே தேவை என்றார்கள். இருவர் இருந்தோம். ஆளுக்குப் பதினைந்து நிமிடம் பேச வேண்டும். வீட்டை விட்டு வெகு தொலைவு வந்து, பழகாத மொழிகளுக்கு நடுவே, அன்று என் நா குழறியது. இடம் மற்றவருக்குப் போயிற்று. "நான் இவ்வளவுதான்" என்று பல இரவுகள் எண்ணிப் படுத்திருக்கிறேன். தினமும் கூறெடுப்புக் கோட்பாடு படிப்பவன், ஒரே ஒரு கூறை வைத்துத் தனக்கே தீர்ப்பு எழுதிக்கொண்டேன்!

இன்று அந்த நண்பரும் நானும் ஒரே மேசையில் அமர்ந்து வேலை செய்கிறோம். அவர் நன்றாகவே செய்கிறார். எங்களில் யார் மேல் என்பது அந்தப் பதினைந்து நிமிடத்தில் தெரியவில்லை, இன்னும் தெரியவில்லை. ஒருவரைத் தேர்ந்தெடுத்தாக வேண்டியிருந்தது, தேர்ந்தெடுத்தார்கள், அவ்வளவே.

நம் சங்கத்தின் கைப்பந்துக் குழுவுக்கு விரைவில் ஆள் எடுக்கப் போகிறோம். ஒரு மாலை ஆட்டத்தைப் பார்த்துப் பட்டியல் எழுதுவது நம் வழக்கம். இம்முறை நான்கைந்து மாலைகள் ஆட விட்டுப் பார்ப்போம். அதன் பின்னும் யாரேனும் ஓரத்தில் நிற்கத்தான் வேண்டும். அவரிடம், "இந்த முறை இவர், பயிற்சிக்கு நீங்களும் தவறாமல் வாருங்கள்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுவோம். என் அண்ணனுக்கும் இதையே எழுதி அனுப்பியிருக்கிறேன்: இரு கட்சியும் சரியல்ல, ஆனால் சண்டையை நிறுத்தும்படி அவர்களிடம் சொல்ல வேண்டாம், அடுத்த ஆண்டும் ஒரே நாற்காலிதான் இருக்கும்.