மாத்திரை சாப்பிடுகிறான், வேலைக்கு ஏன் போவதில்லை?

“காதில் குரல் கேட்பது நின்றுபோச்சு. இன்னும் குளிக்காம படுத்துக்கிடந்தா, அது சோம்பேறித்தனம்தான்.”

மனச்சிதைவு நோய் உள்ள பிள்ளை இருக்கும் வீடுகளில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. மாத்திரை பெரும்பாலும் அடக்குவது மாயக்குரலையும் ஆதாரமில்லாத சந்தேகத்தையும்தான். காலையில் எழுந்திருக்கும் உந்துதல், சொன்னதை நினைவில் வைப்பது, எதிரே நிற்பவரின் முகம் பார்த்து மனதைப் புரிந்துகொள்வது ஆகியவற்றில் அதன் கை அவ்வளவாக எட்டுவதில்லை. ஒருவர் வேலையில் நிலைப்பாரா, நாலு பேரோடு பழகுவாரா என்பதில் குரல்களைவிட இவற்றுக்குத்தான் பங்கு அதிகம். போதாததற்குச் சில மருந்துகள் மந்தத்தையும் தூக்கத்தையும் கூட்டும்.

நம் நாட்டில் மனநோயால் வரும் இயலாமையை அளக்க ‘ஐடியாஸ்’ என்றொரு அளவுகோல் இருக்கிறது. தன்னைப் பராமரித்துக்கொள்வது, பிறரோடு பழகுவது, பேசிப் புரிந்துகொள்வது, வேலை என்ற நான்கையும் அது பார்க்கிறது. நோய் எத்தனை ஆண்டுகளாக இருக்கிறது என்பதையும் சேர்த்துக்கொள்கிறது. குரல் கேட்கிறதா என்று அது கேட்பதே இல்லை. மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் வாங்க அலையும் குடும்பங்களுக்கு இது தெரிந்திருக்கும். மற்ற குடும்பங்களுக்கும் தெரிந்தால் பாதிச் சண்டை குறையும்.

“இது பரம்பரை நோய். சின்ன வயசில் நடந்ததுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?”

பரம்பரைக்குப் பெரிய பங்கு உண்டு, மறுக்க முடியாது. ஆனால் ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையரில் ஒருவருக்கு இந்த நோய் வந்தால், மற்றவருக்கும் வருவது பாதிப் பேருக்கோ அதற்கும் குறைவானவர்களுக்கோதான். 2012இல் 36 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். பாலியல் கொடுமை, அடி, மனதைப் புண்படுத்தும் நடத்தை, கவனிப்பாரின்மை, பிற பிள்ளைகளின் தொல்லை, பெற்றோரின் மரணம் ஆகியவற்றைச் சிறு வயதில் சந்தித்தவர்களுக்கு மனச்சிதைவு போன்ற மனநோய் வரும் வாய்ப்பு சுமார் 2.8 மடங்கு என்று தெரிந்தது. வாய்ப்பு என்றுதான் சொல்கிறேன். இப்படித் துன்பப்பட்ட பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு அந்த நோய் வருவதே இல்லை.

நோய் வந்த பிறகும் பழைய காயத்தின் தடம் அன்றாட வாழ்க்கையில் தெரிகிறது. அந்தத் தொடர்பு பெரியதல்ல, எல்லாரிடமும் ஒரே மாதிரி இருப்பதுமில்லை. ஆனால் வழி புரிந்துகொள்ளக்கூடியதே. அடி வாங்கி வளர்ந்த பிள்ளை எப்போதும் ஆபத்தை எதிர்பார்த்தே இருக்கப் பழகுகிறது. படிப்பு பாதியில் நிற்கிறது, சிநேகிதம் குறைகிறது, சோர்வு ஒட்டிக்கொள்கிறது. இருபது வயதில் நோய் வரும்போது சாய்ந்துகொள்ள ஆளும் இல்லை, கையில் தொழிலும் இல்லை. அப்படிப்பட்டவனைப் பட்டறையில் சேர்த்துவிடுகிறார்கள். மேஸ்திரி குரல் உயர்த்திய அன்றே வீடு திரும்பிவிடுகிறான். வீட்டுக்காரர்களுக்கு அது சோம்பேறித்தனமாகத் தெரிகிறது. அவன் உடம்பு கேட்டதோ வேறொரு பழைய அதட்டல்.

“அப்படின்னா வளர்ப்புதான் சரியில்லை. அம்மாவைத்தான் சொல்லணும்.”

இந்த நம்பிக்கையை ஊர் வாய் மட்டும் வளர்க்கவில்லை, மருத்துவமும் சேர்ந்தே வளர்த்தது. 1948இல் அமெரிக்காவில் ஃபிரீடா ஃபிரோம்–ரைக்மான் என்ற மனநல மருத்துவர், தாயின் போக்கே மனச்சிதைவை உண்டாக்குகிறது என்று எழுதினார். ஆதாரம் இல்லாமலே அது பல ஆண்டுகள் தாய்மார்களைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியது. மருத்துவம் இதற்கு இன்னும் முழுதாக மன்னிப்புக் கேட்கவில்லை என்றே நினைக்கிறேன். மேலே சொன்ன பட்டியலைத் திரும்பப் பாருங்கள். பள்ளித் தோழர்களின் தொல்லைக்கும் அப்பா செத்துப்போனதற்கும் அம்மா என்ன செய்வாள்? கொடுமை செய்தவர் உறவினராகவோ பக்கத்து வீட்டுக்காரராகவோ இருந்து, அம்மாவுக்கே தெரியாமல் போன வீடுகள் எத்தனையோ.

“மூளை கலங்கினவங்க சொல்ற பழைய கதையை எப்படி நம்புறது?”

லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்கள் 2011இல் இதையே சோதித்தார்கள். சிறு வயதுக் கொடுமை பற்றி நோயாளிகள் சொன்னதை ஏழு ஆண்டு கழித்துக் கேட்டபோதும் பெரும்பாலும் அப்படியே சொன்னார்கள். நோயின் அப்போதைய கடுமை அந்தப் பேச்சை மாற்றவில்லை.

பழசைக் கிளறினால் நோய் முற்றும் என்ற பயமும் பரவலாக இருக்கிறது. சில மருத்துவர்களுக்கும் அது உண்டு. மனநோயோடு பழைய அதிர்ச்சியின் பாதிப்பும் இருந்த 155 பேரை வைத்து நெதர்லாந்தில் நடந்த ஆய்வு 2015இல் வெளிவந்தது. பயிற்சி பெற்றவர்கள் அந்த அதிர்ச்சிக்கே சிகிச்சை தந்தார்கள். அதிர்ச்சியின் தொல்லை குறைந்தது, நோயும் முற்றவில்லை. இதை வீட்டுக் கூடத்தில் வைத்து விசாரணையாக நடத்தக் கூடாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

யாரிடம் போவது என்று தெரியாதவர்கள் அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416ஐ அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். மருத்துவரிடம் போகும்போது இன்னொன்றும் செய்யலாம். நம் ஊரில் டாக்டர் கேட்கும் கேள்விக்கெல்லாம் கூட வந்தவரே பதில் சொல்லிவிடுகிறோம். கொடுமை செய்த மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டியிருந்தால் மாமா உட்கார்ந்திருக்கும் அறையில் எப்படிச் சொல்வது? பத்து நிமிடமாவது கூட வந்தவர்கள் வெளியே உட்கார்ந்திருக்கட்டும்.