நீராவும் கொம்புச்சாவும்: அரை சதவீதத்தின் கணக்கு

ஹைதராபாத் நகரின் உசேன் சாகர் ஏரிக்கரையில், நெக்லஸ் சாலையில், தெலங்கானா அரசு 2023 ஆம் ஆண்டு மே மாதத்தில் நீரா விற்பனை நிலையம் ஒன்றைத் திறந்தது. பனையின் பாளையிலிருந்தும் ஈச்ச மரத்தின் தண்டிலிருந்தும் வடியும் புளிக்காத இனிய சாறே நீரா எனப்படுகிறது. தமிழகத்துப் பதநீரின் உடன்பிறப்பு என்று இதனைக் கூறலாம். இதே நகரின் கடைகளில் கொம்புச்சா என்னும் புளித்த தேநீரும் புட்டிகளில் அடைத்து விற்கப்படுகிறது. முன்னது மரமேறும் தொழிலாளரின் பரம்பரைப் பொருள். பின்னது வடகிழக்குச் சீனத்தில் தோன்றி ருஷ்யா வழியாக உலகெங்கும் பரவிய பானம். மதுவல்ல என்ற பெயரில் விற்கப்படும் இவ்விரண்டிலும், விற்ற பிறகும் சாராயச் சத்து உண்டாகிக் கொண்டிருக்கக்கூடும் என்பதே ஆராயத் தக்க செய்தியாகும்.

இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2018 ஆம் ஆண்டில் வகுத்த மதுபான ஒழுங்குமுறை விதிகளின்படி, கன அளவில் 0.5 சதவீதத்திற்கு மேல் ஆல்கஹால் உள்ள பானம் மதுபானமாகக் கொள்ளப்படுகிறது. அமெரிக்காவிலும் எல்லை இதுவே. 2010 ஆம் ஆண்டில் அங்கே கொம்புச்சா புட்டிகள் பல இந்த எல்லையைக் கடந்திருக்கலாம் என்ற ஐயம் எழுந்ததும், பெரிய கடைகள் அவற்றை அலமாரிகளிலிருந்து அகற்றின.

இந்த அளவு எவ்வளவு சிறிது என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்பது பயனுடையது. 300 மில்லி லிட்டர் புட்டியில் 0.5 சதவீதம் என்பது 1.5 மில்லி லிட்டர் ஆல்கஹால். 5 சதவீதமுள்ள 650 மில்லி லிட்டர் பீர் புட்டியிலோ 32.5 மில்லி லிட்டர் உள்ளது. ஆகவே இந்த எல்லை போதையைப் பற்றியது அன்று. குழந்தைகள், கருவுற்ற பெண்கள், சமய நெறியால் மதுவை விலக்கியோர், குடியை நிறுத்த டைசல்ஃபிரம் மாத்திரை உட்கொள்வோர் ஆகியோர் தாம் அருந்துவது இன்னதென்று அறிந்து அருந்த வேண்டும் என்பதற்காகவே கோடு கிழிக்கப்பட்டுள்ளது. உரிமமும் வரியும் இதே கோட்டைப் பற்றி நிற்கின்றன என்பது வேறு செய்தி.

இனி, சர்க்கரை சாராயமாகும் முறையைக் காண்போம். ஈஸ்ட் நுண்ணுயிர்கள் கரும்புச் சர்க்கரையை முதலில் குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் எனப் பிரித்துப் பின் அவற்றை எத்தில் ஆல்கஹாலாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுகின்றன. வேதியியல் கணக்குப்படி 342 கிராம் சர்க்கரையிலிருந்து 184 கிராம் ஆல்கஹால் கிடைக்கும். ஒரு லிட்டர் பானத்தில் 8 கிராம் சர்க்கரை, அதாவது இரண்டு தேக்கரண்டி அளவு, முழுதும் புளித்தால் 4.3 கிராம் ஆல்கஹால் உண்டாகும். கன அளவில் இது ஏறத்தாழ 0.54 சதவீதம். இரண்டு தேக்கரண்டிச் சர்க்கரையே எல்லையைத் தாண்டப் போதுமானது!

கொம்புச்சாவில் ஈஸ்டுடன் அசெட்டிக் அமில பாக்டீரியாக்களும் கூடி வாழ்கின்றன. ஈஸ்ட் ஆக்கும் ஆல்கஹாலை இவை காடியின் புளிப்பாக மாற்றிவிடுகின்றன. ஆனால் இப்பணிக்குக் காற்றிலுள்ள பிராணவாயு தேவை. வாயகன்ற பாத்திரத்தில் துணி மூடி வைத்திருக்கும் வரை ஆக்கமும் அழிவும் ஓரளவு ஈடாகின்றன. புட்டியில் அடைத்து இறுக மூடியதும் நிலைமை மாறுகிறது. பாக்டீரியாவின் வேலை ஓய்கிறது. பிராணவாயு இல்லாமலும் இயங்கவல்ல ஈஸ்ட், எஞ்சிய சர்க்கரையில் தன் வேலையைத் தொடர்கிறது. மூடியைத் திறக்கும்போது சீறும் வாயு இதற்குச் சான்று. கோடையில் 40 டிகிரியைத் தாண்டும் ஹைதராபாத்தில், குளிர்சாதனம் இல்லாத கடையில் வைத்த புட்டி, ஆலையை விட்டு வெளிவந்த அதே பானமாக இருக்குமென எதிர்பார்க்க இயலாது. சூடேற்றி ஈஸ்டைக் கொன்றால் ஆபத்து நீங்கும். ஆனால் உயிருள்ள நுண்ணுயிர்களுக்காகவே இதை விரும்பி வாங்குவோர் ஏமாற்றமடைவர்.

நீராவின் நிலை இதைவிட நெருக்கடியானது. அதன் சர்க்கரை லிட்டருக்குச் சுமார் 120 கிராம் எனக் கொண்டால், அதில் பதினைந்தில் ஒரு பங்கு புளித்தாலே எல்லை கடந்துவிடும். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவுவது, சாற்றின் அமிலத்தன்மையைக் குறைத்து ஈஸ்டை அடக்குவதற்கே. சூரியன் ஏறுமுன் இறக்குவதும் உடனே குளிரூட்டுவதும் இதே நோக்கம் கொண்டவை. இவை தவறினால் சில மணி நேரத்தில் நீரா கள்ளாகிவிடும். முற்றப் புளித்த கள்ளில் 4 முதல் 6 சதவீதம் வரை ஆல்கஹால் காணப்படும். மரமேறி ஒருவரின் நேர்மை, பெரும்பாலும் பனிக்கட்டி கிடைப்பதைப் பொறுத்திருக்கிறது என்றால் மிகையாகாது.

அளக்கும் முறையிலும் கவனம் வேண்டும். திரவமானியைப் பானத்தில் நேரே மிதக்கவிட்டு ஆல்கஹாலைக் கூற முடியாது. சாராயம் அடர்த்தியைக் குறைக்கிறது; கரைந்துள்ள சர்க்கரையும் அமிலங்களும் அதைக் கூட்டுகின்றன; இரண்டும் கலந்த அளவு எதையும் தெளிவாகச் சொல்லாது. எனவே பானத்தை முதலில் காய்ச்சி வடித்து, வடிநீரைப் பழைய கன அளவுக்கே நீர் சேர்த்துச் சரிசெய்து, பின்னரே அடர்த்தியை அளக்க வேண்டும். அரை சதவீதத்தை ஒட்டிய வழக்குகளில் வாயு நிறப்பகுப்பு முறையே நம்பத் தக்கது.

ஆயினும் ஆல்கஹால் அளவு மட்டும் ஒரு பானத்தின் தீங்கைக் காட்டிவிடாது. ஹைதராபாத்தில் 2004 இல் மூடப்பட்ட கள்ளுக்கடைகள் 2014 இல் மீண்டும் திறக்கப்பட்டன. மரங்கள் நகருக்கு வெளியே, குடிப்போர் நகருக்குள்ளே. இந்த இடைவெளியில் நீரும் சர்க்கரையும் கலந்து கள் பெருக்கப்படுகிறது. குறையும் போதையை ஈடுகட்ட அல்பிரசோலம், டையசெபாம் போன்ற உறக்க மருந்துகள் சேர்க்கப்படுகின்றன. 2025 ஜூலையில் குக்கட்பள்ளிப் பகுதியில் கலப்படக் கள் அருந்தியோர் பலர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர், சிலர் உயிரிழந்தனர். இத்தகைய கள்ளில் ஆல்கஹால் இயல்பைவிடக் குறைவாகவே இருக்கக்கூடும். சாராயத்தை மட்டும் அளக்கும் அலுவலர், மென்மையான பானம் என்று சான்றளித்துவிட நேரும். மருந்துகளுக்குத் தனிச் சோதனை செய்தே ஆகவேண்டும்.

மாதிரி எடுப்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. காலையில் எடுத்த நீராவை வெயிலில் வைத்து மாலையில் சோதனைச் சாலையில் சேர்த்தால், அங்கே அளக்கப்படுவது பயணத்தில் உண்டான சாராயமே. மாதிரியை எடுத்த உடனே பனிக்கட்டியில் வைத்து, எடுத்த நேரம், அப்போதைய வெப்பநிலை, சோதனை தொடங்கிய நேரம் ஆகிய மூன்றையும் குறிப்பேட்டில் பதிய வேண்டும். கொம்புச்சாவாயின் புட்டியில் அடைத்த நாளையும், கடையில் அது குளிர்பெட்டியில் இருந்ததா, வெளியே இருந்ததா என்பதையும் சேர்த்து எழுதுதல் அவசியம்.