இரண்டு நிமிட வான்வழி

தொலைவும் காலமும் வெவ்வேறு அளவைகள். ஆயினும் பேச்சு வழக்கில் இரண்டையும் ஒன்றாக்கி விடுகிறோம். 'ஊர் எவ்வளவு தூரம்?' என வினவினால் 'அரை மணி நேரம்' என்றே விடை வருகிறது. இவ்வழக்கின் குறையை உணர்த்த ஒரு சிறு வான்வழி துணை செய்யும்.

ஸ்காட்லாந்தின் வடகோடிக்கு அப்பால் ஆர்க்னித் தீவுக்கூட்டம் உள்ளது. அதில் வெஸ்ட்ரே, பாப்பா வெஸ்ட்ரே என இரு தீவுகள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. (பாப்பா என்றதும் நமக்குக் குழந்தை நினைவுக்கு வரும். அங்கோ, முற்காலத்தில் வாழ்ந்த கிறித்தவத் துறவியரைக் குறித்த நார்ஸ் மொழிச் சொல்லின் திரிபு அது.) இவ்விரு தீவுகளின் வானூர்தித் திடல்களை இணைத்து 1967ஆம் ஆண்டு லோகன்ஏர் நிறுவனம் தொடங்கிய பயணமே, கால அட்டவணைப்படி நிகழும் உலக வான்பயணங்களுள் மிகக் குறுகியது.

இத்தொலைவை மாணவர்கள் தாமே கணக்கிடலாம். இரு திடல்களும் ஏறத்தாழ ஒரே அட்சக்கோட்டில், அதாவது வடக்கு 59 பாகை 21 கலையில் உள்ளன. தீர்க்கக்கோட்டில் மட்டும் அவற்றிடையே சுமார் 3 கலை வேறுபாடு காணப்படுகிறது. நிலநடுக்கோட்டில் ஒரு கலை ஏறத்தாழ 1.85 கிலோமீட்டர் ஆகும்; ஆகவே 3 கலை ஐந்தரைக் கிலோமீட்டராகும். ஆனால் தீர்க்கக்கோடுகள் துருவம் நோக்கி நெருங்கிச் செல்கின்றன. எனவே அந்த அளவை அட்சப் பாகையின் கோசைனால் பெருக்குதல் வேண்டும். இங்கு அதன் மதிப்பு 0.51. விடை சுமார் 2.8 கிலோமீட்டர், எடின்பரோ வானூர்தி நிலையத்தின் ஓடுபாதை நீளத்தினும் சற்றே மிகுதி, அவ்வளவே! பாகை வேறுபாட்டை மட்டும் நோக்கித் தொலைவை மதிப்பிடுவோர் வடபுலத்தில் இவ்வாறே இரு மடங்கு பிழை செய்வர்.

இனிக் காலத்தைக் காண்போம். இவ்வழியில் பறப்பது பிரிட்டன்-நார்மன் ஐலண்டர் என்னும் இரட்டைப் பொறிச் சிற்றூர்தி. அதன் இயல்பான பறப்பு வேகம் மணிக்கு ஏறத்தாழ 250 கிலோமீட்டர். தொலைவை வேகத்தால் வகுத்தால் 40 வினாடி வரும். அட்டவணையிலோ இரண்டு நிமிடம் எனக் குறிக்கப்பட்டுள்ளது. பிழை எங்கே? வகுத்தலில் இல்லை, வேகம் மாறாதது எனக் கொண்டதில் உள்ளது. ஊர்தி மேலெழ வேண்டும், இறங்க வேண்டும்; இடையில் முழு வேகம் எய்துவதற்கே வழி இல்லை. அன்றியும், எழுவதும் இறங்குவதும் காற்றை எதிர்த்தே ஆதலின், காற்றின் திசைக்கேற்ப வளைந்து திரும்பவும் நேரும். காற்று உதவிய ஒரு நாளில் 53 வினாடியில் பறந்து முடித்ததே இதுவரை சாதனை. அப்போதும் சராசரி வேகம் மணிக்கு 190 கிலோமீட்டரளவே.

இது வேடிக்கைக்காக ஏற்பட்ட பயணம் அன்று. பாப்பா வெஸ்ட்ரேயில் வாழ்வோர் நூற்றுவருக்கும் குறைவு. ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட கல்வீடு அங்கு இன்றும் நிற்கிறது. ஆனால் பெரிய மருத்துவமனைக்கும் மேல்வகுப்புப் பள்ளிக்கும் கடல் கடந்து கர்க்வால் நகருக்கே செல்ல வேண்டும். ஆசிரியரும் மருத்துவரும் நோயாளரும் மாணவரும் இச்சிற்றூர்தியில் ஏறி இறங்குகின்றனர். இரு தீவுகளுக்கிடையே படகும் உண்டு. கடல் அமைதியாயின் ஏறத்தாழ அரை மணியில் கரை சேர்க்கும். மூடுபனி இறங்கினால் ஊர்தி எழுவதில்லை. அலை மிகுந்தால் படகும் நின்றுவிடும். அத்தகைய நாளில் தீவினர் எதிர்க்கரையைக் கண்ணால் கண்டவாறே காத்திருக்கின்றனர்.